வாராவதியின் முதல் தாம்பூலம்

வெளிநாட்டுக்குப் போக வேண்டுமானால் கப்பலேறித்தான் ஆக வேண்டும் என்று நினைக்கிறவர்கள், கும்பகோணத்தில் பிறந்து வளர்ந்துவிட்டு ஒரு தடவை திருத்தணிப் பக்கம் போய்ப் பார்க்க வேண்டும். பேச்சில் பாதி தெலுங்கு. மீதி தமிழ் என்று அவர்கள் சொல்கிறார்கள். ஆறு என்று ஒன்றைக் காட்டுகிறார்கள். அதில் ஆடு மேய்கிறது. அரிசிச் சோற்றை அமாவாசைக்கு அமாவாசை பார்க்கிறார்கள். பாஸ்போர்ட் ஒன்றைத்தான் என்னிடம் யாரும் கேட்கவில்லை.

யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். குண்டு விழும் என்று பட்டணத்தை விட்டு ஓடினவர்கள், விழவில்லையே என்ற லேசான வருத்தத்தோடு திரும்பி வந்துவிட்டார்கள். நான் திருவல்லிக்கேணியில் குடியிருந்துகொண்டு ஒரு பள்ளிக்கூடத்தில் சரித்திரம் சொல்லிக்கொடுத்துவந்தேன். ஒழிந்த வேளையில் பத்திரிகைக்கு எழுதுவேன். ஒரு நாள் பத்திராதிபர் கூப்பிட்டனுப்பினார். பழைய கல்பாலம் ஒன்றின் போட்டோவை யாரோ அனுப்பியிருந்தார்களாம். பார்க்க நன்றாயிருக்கிறதென்று அச்சுக்குப் பிளாக்கும் செய்துவிட்டாராம். "பிளாக் தயார். சரித்திரம்தான் பாக்கி. போய் எடுத்துக்கொண்டு வாரும்" என்றார், கடைக்குப் போய்க் கொத்தமல்லி வாங்கிவா என்கிற தோரணையில். கோடை விடுமுறை. வீட்டிலோ மைத்துனர் சகுடும்பமாக வந்து இறங்கியிருந்தார். யோசிக்காமல் கிளம்பிவிட்டேன்.

ரயிலில் அரக்கோணம் வரைக்கும் எனக்குக் கிடைத்த இடம் ஒரு காலுக்குத்தான் போதுமானது. வண்டி முழுக்கப் பட்டாளத்துக்காரர்கள். என் இன்னொரு காலை ஒரு சிப்பாயின் டிரங்குப் பெட்டிமேல் வைத்திருந்தேன். அவர் ஹிந்துஸ்தானியில் நீளமாக ஏதோ சொன்னார். பக்கத்திலிருந்தவர் அதை எனக்குச் சுருக்கமாக மொழிபெயர்த்தார்: "காலை எடுக்கச் சொல்கிறார்." மீதியைக் கேட்டுத் தெரிந்துகொள்ள எனக்கு ஆசை இல்லை.

திருத்தணியில் இறங்கினதும் மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். ஏறித் தரிசனம் செய்திருக்கலாம். ஆனால் முருகன் எப்போதும் மலைமேல் இருப்பான். காப்பி கிளப்பை மூடிவிடுவார்களே! வெல்லம் போட்ட காப்பி வந்தது. பாதி புளியங்கொட்டைப் பொடி என்று சப்ளையரே ஒப்புக்கொண்டார். மறுபாதி என்னவென்று நான் கேட்கவில்லை. எங்கள் ஊரில் இதைக் காப்பி என்று கொண்டுவந்து வைத்தால் டம்ளர் வந்த வழியே பறக்கும். இங்கே அதற்கு மூன்று பேர் வரிசையில் நின்றார்கள்.

அப்புறம் கரி பஸ். பெட்ரோலெல்லாம் பட்டாளத்துக்குப் போய்விட்டதால் பஸ்ஸின் முதுகில் ஓர் இரும்புப் பீப்பாயைக் கட்டி, அதில் அடுப்புக்கரியைக் கொட்டி எரித்து, அந்தப் புகையில் வண்டியை ஓட்டினார்கள். ஓட்டினார்கள் என்பது மரியாதைக்காகச் சொல்கிற வார்த்தை. முதல் மேட்டிலேயே பஸ் நின்றுவிட்டது. கண்டக்டர் எல்லாரையும் இறக்கித் தள்ளச் சொன்னார். டிக்கெட்டும் வாங்கி, வண்டியையும் தள்ளுவதா என்று நான் சத்தம் போட்டேன். "நீங்க தள்ளலைன்னா பரவால்லைங்க, ஆனா வண்டி போவாது" என்றார் கண்டக்டர், மிகவும் மரியாதையாக. தள்ளினேன்.

எனக்குப் பக்கத்தில் தள்ளிக்கொண்டிருந்தவர் தலையில் ஒரு வெற்றிலைக் கூடை. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு மறு கையால் தள்ளினாரே தவிர, கீழே வைக்க மாட்டேனென்றுவிட்டார். மகள் கல்யாணத்துக்கு வாங்கின வெற்றிலையாம். அவர் பேர் சின்னசாமி. எனக்கு எந்த ஊர், எங்கே போகிறேன் என்று விசாரித்தார். இன்ன இடத்துக் கல்பாலத்தின் சரித்திரத்தை எழுத வந்திருக்கிறேன் என்றேன். மனிதர் பஸ்ஸை விட்டுவிட்டார்.

"வாராவதியக் கட்னது யாருன்னு எழுதப் போறீங்களா?"

பாலத்தைத்தான் அங்கே வாராவதி என்கிறார்கள். ஆமாம் என்றேன். அவ்வளவுதான், என் பையைப் பிடுங்கித் தோளில் மாட்டிக்கொண்டு, தங்கினால் தம் வீட்டில்தான் தங்க வேண்டும் என்றார். தொண்டைமண்டலத்தாரின் விருந்தோம்பலை மனசுக்குள் மெச்சிக்கொண்டேன். அதற்குக் காரணம் ஒன்று இருக்கும் என்று அப்போது தோன்றவில்லை.

பாலத்தைச் சாயங்காலம் பார்த்தேன். ஊர்களின் பேரை எழுதினால் மறுபடி சண்டை வரும். தென்கரை, வடகரை என்றே வைத்துக்கொள்கிறேன். ஆற்றில் கருங்கல் தூண்களை நட்டு, மேலே நீளப் பலகைக்கல் பாவிக் கட்டியிருந்தார்கள். ஒரு வண்டி தாராளமாகப் போகலாம். எதிரே இன்னொன்று வந்தால் இரண்டில் ஒரு ஜோடி மாட்டுக்குப் பின்பக்கமாக நடக்கத் தெரிந்திருக்க வேண்டும். நடுப்பாலத்தில் தேய்ந்துபோன ஒரு கல் நீட்டிக்கொண்டிருந்தது. அதற்கு மஞ்சள் பூசியிருந்தார்கள். மற்றபடி பாலத்தின்மேல் மிளகாய் காய்ந்தது. ஜனங்களெல்லாம் கீழே மணலில் இறங்கி நடந்துகொண்டிருந்தார்கள், அதுதான் குறுக்குவழியாம்.

எங்கள் ஊரில் பாலம் என்றால் அடியில் தண்ணீர் ஓடும் என்று, சாப்பிடும்போது கொஞ்சம் பெருமையடித்துக்கொண்டேன். காவேரியையும் அரிசலாற்றையும் வர்ணித்து, பாலம் கட்டுவதில் எங்களவர்களை மிஞ்ச ஆள் கிடையாது என்றும் சொல்லிவைத்தேன். சின்னசாமி பவ்யமாகக் கேட்டுக்கொண்டார். சாப்பாடு கேழ்வரகுக் களியும் புளிச்சகீரைக் கடைசலும். களியை மென்றால் பல்லோடு பேச்சும் ஒட்டிக்கொள்கிறது. அப்படியே விழுங்க வேண்டுமாம். அதைக் கற்றுக்கொள்வதற்குள் அவர் தம் சங்கதியைச் சொல்லி முடித்தார்.

கல்யாண ஊர்வலம் எதுவானாலும் இந்த வாராவதி வழியாகத்தான் போக வேண்டும். நடுக்கல்லிடம் நின்று தாம்பூலம் கொடுக்க வேண்டும். வாராவதியைக் கட்டின ஊருக்குத்தான் முதல் தாம்பூலம். இரண்டு ஊரும் "நாங்கள்தான் கட்டினோம்" என்கின்றன. அந்தக் காலத்தில் யாரோ ஒரு புண்ணியவான் இதற்கு வழி கண்டுபிடித்தான். வெள்ளத்தன்று பிரசவத்துக்குப் போன ஒருத்தி நடுவாராவதியிலேயே பிள்ளை பெற்றிருந்தாள். அந்தப் பிள்ளை எந்தக் கரைக்கும் சொந்தமில்லை. ஆகவே அவனுக்கே முதல் தாம்பூலம் என்று ஏற்பாடாயிற்று. வாராவதியான் என்று பேர் வைத்தார்கள். அவரும் கிழவராகும் வரைக்கும், வேறு வேலை பார்க்காமல் வெற்றிலை போட்டுக்கொண்டே வாழ்ந்து, போன மழைக்காலத்தில் செத்துப்போனார்.

"அத்தோட புடிச்சுதுங்க சனியன்" என்றார் சின்னசாமி. அதற்கப்புறம் ஒரு கல்யாணம்கூட வாராவதியைத் தாண்டவில்லை. அவர் மகள் செங்கம்மாவை வடகரையில் அவள் தாய்மாமன் வெங்கட்டப்பன் மகனுக்கே கொடுக்கிறார். பையன் ஜெயராமன் பட்டாளத்தில் லாரி ஓட்டுகிறான். லீவில் வந்திருக்கிறான். இன்னும் மூன்று நாளில் முகூர்த்தம். அதற்கு மறுநாள் காலை அவன் ரயிலேறியாக வேண்டும். இந்த முகூர்த்தம் தவறினால் அப்புறம் யுத்தம் முடிந்துதான். மணலில் இறங்கி அழைத்துப் போய்விடுங்களேன் என்று நான் வெகு சுலபமாக யோசனை சொன்னேன். அவர் காதைப் பொத்திக்கொண்டார். சுடுகாடு ஆற்று மணலில்தான் இருந்தது. "பொணத்தத்தாங்க மேளத்தோட மணல்ல எறக்குவாங்க" என்றார்.

மறுநாள் காலையில் தென்கரைப் பெரியதனக்காரர் எனக்குப் பாலத்தின் வரலாற்றைச் சொன்னார். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்துப்போன பக்தர்களை வெள்ளம் அடித்துக்கொண்டு போனதாம். அதைப் பார்த்த அவருடைய முப்பாட்டனார் கண்ணீர் விட்டு, நிலபுலத்தை விற்று, வாராவதியைக் கட்டினாராம். மத்தியானம் வடகரைக்குப் போனேன். அந்த ஊர்ப் பெரியதனக்காரர் மாம்பழம் நறுக்கி வைத்து, தெலுங்கு கலந்து அதே கதையைச் சொன்னார். அதே காவடி, அதே வெள்ளம், அதே கண்ணீர். முப்பாட்டனார் மட்டும் வேறே. மாம்பழம் பிரமாதமாக இருந்ததால் வடகரை வரலாற்றை நம்பலாம் போலத் தோன்றியது.

இரண்டு பேரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள். பட்டணத்திலிருந்து சரித்திரக்காரரே வந்துவிட்டதால், அவர் பார்த்து எந்த ஊர் என்கிறாரோ அந்த ஊருக்கு முதல் தாம்பூலம். எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. பள்ளிக்கூடத்தில் என் பேச்சுக்கு மூன்றாவது பெஞ்சுவரைக்கும்கூட மதிப்புக் கிடையாது.

மாப்பிள்ளை ஜெயராமனையும் பார்த்தேன். காக்கி நிக்கரோடு மாட்டைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தான். எந்த ஊருக்குப் போகிறாய் என்று கேட்டேன். "ரயில்ல ஏத்தறப்ப சொல்ல மாட்டாங்க. எறக்கினப்புறம் நாமளே தெரிஞ்சிக்கறதுதான்" என்றான். அவனோடு ஒரே நாளில் சேர்ந்த வேலூர்க்காரன் ஒருத்தன் பர்மா எல்லையில் போய்விட்டானாம். அதைச் சொல்லிவிட்டு மாட்டின் காதைத் தேய்த்தான்.

தென்கரைக்குத் திரும்பினபோது செங்கம்மா மோர் கொண்டுவந்தாள். உயரமான பெண், கல்யாணப் பெண் என்று கூச்சமெல்லாம் படவில்லை. சொம்பைக் கொடுத்துவிட்டு நின்றாள்.

"யாரு கட்னாங்கன்னு எதுனா ஒண்ணு சொல்லிடுங்க. நெஜமா இருக்கணும்னு இல்லைங்க."

சரித்திரத்தில் அப்படியெல்லாம் சொல்லக்கூடாதம்மா என்று விளக்க ஆரம்பித்தேன். அவள் கேட்கிற நிலையில் இல்லை.

"எங்க நைனா யுத்தம் முடிஞ்சி வெச்சிக்கலாம்ன்றாரு. பாவா போயி வராம பூட்டாருன்னா நான் யாருங்க? பொண்டாட்டின்னு வாய்விட்டு அழக்கூட எனக்குப் பாத்தியதை கெடையாது. மாமா பையன் செத்ததுக்கு எவ்ளோ அழுவாங்களோ அவ்ளோதான் அழுவணும்."

சொம்பைக் கீழே வைத்தேன். உண்மையைக் கண்டுபிடித்துச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்தேன். உண்மை தெரிந்தால் சண்டை தீரும் என்று அந்த வயதில் நிஜமாகவே நம்பிக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாள் இரண்டு ஊரும் ஆற்றில் கூடின. நான் தூண் தூணாகத் தட்டிப் பார்த்து, ஒன்றும் புரியாவிட்டாலும் தலையை ஆட்டிக்கொண்டு போனேன். ஒரு தூணின் அடியில் மணலுக்குச் சற்று மேலே எழுத்து மாதிரி தெரிந்தது. தோண்டச் சொன்னேன். பழைய தமிழ் எழுத்து. கும்பகோணத்தில் கோயில் கோயிலாகச் சுற்றி அதைக் கொஞ்சம் படிக்கப் பழகியிருந்தேன். கல்லைத் தலைகீழாக நட்டிருந்தார்கள். நானும் மணலில் மல்லாந்து, தலையைக் குழிக்குள் தொங்கப்போட்டுப் படித்தேன்.

பாலத்தைப் பற்றி அதில் ஒரு வார்த்தை கிடையாது. ஒரு கோயிலில் அணையா விளக்கு எரிக்க, நெய்க்காக யாரோ ஆடு தானம் விட்ட விஷயம். கடைசியில் சாபம்: இந்தத் தர்மத்தை அழித்தவன், கங்கைக்கும் குமரிக்கும் நடுவே இருக்கிறவர்கள் செய்த பாவத்தையெல்லாம் தானே அடைவான். எனக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. எழுந்து உட்கார்ந்து, தலையிலிருந்த மணலைத் தட்டிக்கொண்டு, வகுப்பில் சொல்கிற மாதிரி கணீரென்று விளக்கினேன். இது கோயில் கல். ஏதோ ஒரு கோயிலை இடித்து, அந்தக் கல்லைக் கொண்டுவந்துதான் இந்த வாராவதியைக் கட்டியிருக்கிறார்கள். அப்படி இடித்தவனுக்கு இன்ன சாபம்.

முதலில் வாயைத் திறந்தவர் வடகரைப் பெரியதனக்காரர். யோசித்துப் பார்த்தால் வாராவதியைத் தென்கரையார்தான் கட்டினார்கள், தம் பாட்டனாரே சொல்லியிருக்கிறார் என்றார். அதெப்படி, வடகரையார் கட்டினதை நாங்கள் எப்படி எடுத்துக்கொள்வது, அவ்வளவு பெரிய மனசு எங்களுக்குக் கிடையாது என்றார் தென்கரைப் பெரியதனக்காரர். முந்தின நாள் வரைக்கும் கண்ணீர் விட்டுக்கொண்டிருந்த இரண்டு முப்பாட்டனார்களும் அரை நாழிகையில் ஒருவர் தலையில் ஒருவர் பாலத்தைத் தூக்கி வைத்துவிட்டார்கள். முதல் தாம்பூலத்தைத் தொட்டால் கோயிலை இடித்ததை ஒப்புக்கொண்டதாகிவிடும். இனிமேல் அதைக் கையால் தொட எந்த ஊரும் தயாரில்லை.

கூட்டம் கலைந்தபோது செங்கம்மா என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. எனக்கு நாலு எழுத்துப் படிக்கத் தெரிந்ததற்காக அன்றைக்குத்தான் முதல்முதலாக என்னையே நொந்துகொண்டேன்.

முகூர்த்த நாள் விடிந்தது. கல்யாணத்தை நிறுத்துகிற பொறுப்பையும் யாரும் எடுத்துக்கொள்ளாததால் மேளம் தானாகக் கிளம்பிவிட்டது. மிளகாயை ஒதுக்கி வழிவிட்டிருந்தார்கள். நானும் கூடவே நடந்தேன். நடுக்கல்லை அடைந்ததும் மேளம் நின்றது. எதிர்ப்பக்கம் வடகரையார், நடுவே மாப்பிள்ளை, வேட்டிக்குக் கீழே பட்டாளத்துப் பூட்ஸ். சின்னசாமி தாம்பூலத் தட்டைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தார். தென்கரைப் பெரியதனக்காரர் ஓரடி பின்னால் வைத்தார். வடகரைப் பெரியதனக்காரர் ஈரடி வைத்தார். சின்னசாமி தட்டோடு அந்தப் பக்கம் திரும்புவார், இந்தப் பக்கம் திரும்புவார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. புரோகிதர் முகூர்த்தம் போகிறதே, போகிறதே என்று முனகினார். யாரோ ஒருவர், வெற்றிலை வாடுகிறதே என்று கவலைப்பட்டார்.

கல்யாணப் பெண் தலைகுனிந்து நிற்க வேண்டிய இடம் அது. செங்கம்மா அப்பா கையிலிருந்த தட்டை வாங்கினாள். நேரே என்னிடம் வந்தாள்.

"வாராவதியக் கட்னது கும்பகோணத்துக்காரங்கதானேங்க? வாராவதியாரு என்கிட்ட சொல்லிக்கினு இருந்தாரு" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். "பாலம் கட்றதுல உங்களவங்கள மிஞ்ச ஆள் இல்லைன்னு நீங்களும் சொன்னீங்க."

வாராவதியார் கும்பகோணத்தைப் பற்றிக் கனவில்கூடக் கேள்விப்பட்டிருக்க மாட்டார். ஆனால் "ஆங்" என்றது தென்கரை. "ஆங், ஆங்" என்றது வடகரை. இரண்டு பெரியதனக்காரர்களுக்கும் ஒரே சமயத்தில் ஞாபகம் வந்துவிட்டது. கும்பகோணத்திலிருந்து கொத்தனார்கள் கூட்டமாக வந்தார்களாம். கல்லெல்லாம் அவர்களே எங்கிருந்தோ கொண்டுவந்தார்களாம். எங்கிருந்து என்று இந்த ஊர்க்காரர்கள் கேட்கவில்லையாம்.

நான் சாபம் கீபம் எதையும் நம்புகிறவனல்ல என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். தட்டைப் பார்த்ததும் கை எழவில்லை. எனக்கு இரண்டு குழந்தைகள். இந்தச் சங்கதி என் மனைவி காதில் விழுந்தால், அப்புறம் வீட்டில் ஒரு பானை உடைந்தால்கூடத் திருத்தணிப் பாலம்தான் காரணம் என்பாள். கங்கை முதல் குமரி வரை என்றால் கொஞ்ச நஞ்சப் பாவமா? கறுப்புச் சந்தை அரிசி வியாபாரிகளே அதில் எத்தனை பேர்!

செங்கம்மா கிட்டே வந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"பயமாக்கீதா? புடிச்சா பாதி எனக்குங்க."

வாங்கிக்கொண்டேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். மேளம் இடி மாதிரி கிளம்பிற்று. மஞ்சள் பூசிய நடுக்கல்லைத் தாண்டி அவள் வடகரைக்குப் போனாள். என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதற்கு அவளுக்கு நேரம் எங்கே? கோயிலை இடித்த மகாபாவி, கையில் வெற்றிலைத் தட்டோடு பாலத்தின்மேல் நின்று குழந்தை மாதிரி அழுதுகொண்டிருந்தான். அன்று வடகரையில் அரிசிச் சோறு போட்டார்கள். எனக்குத்தான் முதல் இலை.

மறுநாள் காலை நானும் ஜெயராமன் போகிற ரயிலில்தான் கிளம்பினேன். திருத்தணி ஸ்டேஷனில் வண்டி கூட்டம் நெரிந்துகொண்டு வந்தது. ஜெயராமன் உள்ளே புகுந்து, என்னையும் இழுத்துக்கொண்டு, "வாராவதி கட்னவருப்பா, எடம் குடுங்க" என்று சிப்பாய்களிடம் சொன்னான். என்னை எஞ்சினீயர் என்று நினைத்து ஒருத்தர் பாதி பெஞ்சு கொடுத்தார். நான் மறுக்கவில்லை.

சின்னசாமியும் வெங்கட்டப்பனும் தூரத்திலேயே நின்றுவிட்டார்கள். செங்கம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். விசில் ஊதினார்கள். வண்டி அசைந்ததும் அவள் அழ ஆரம்பித்தாள். வாய்விட்டு, பிளாட்பாரம் முழுக்கத் திரும்பிப் பார்க்கிற மாதிரி, வண்டியோடு நடந்துகொண்டே அழுதாள். ஸ்டேஷன்காரர் ஒருவர் ஓடிவந்து கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்.

"தள்ளும்மா! நீ யாரு அவருக்கு?"

"பொண்டாட்டிங்க" என்று சொல்லிவிட்டு, அவர் கையை உதறிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து அழுதாள்.